வெளிநாட்டில் விமானம் ரத்தாகி ஓர் இரவு தங்க நேர்ந்தால்: முதலில் இருக்கை, அப்புறம்தான் அறை

கேள்வி இதுதான்: வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும்போது, இரவு நேரத்தில் அந்த விமானம் ரத்து என்று அறிவிக்கிறார்கள். இனி நாளைக்குத்தான். அந்த நாட்டு விசா கையில் இல்லை, பெட்டிகள் ஏர்லைன்ஸ் வசம் இருக்கின்றன. ஹோட்டல் யார் தருவார்கள், வெளியே போக முடியுமா, செலவான பணம் திரும்ப வருமா?

விமான நிலையத்தில் பயணிகள் சேவைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றுமே நியாயமான கேள்விகள். ஆனால் அந்த நேரத்தில் முதலில் கேட்க வேண்டியது இவற்றில் இல்லை. "நாளைக்கு நான் எந்த விமானத்தில் போகிறேன், அதில் எனக்கு இடம் உறுதியாகிவிட்டதா?" என்பதுதான் முதல் கேள்வி. அறை எப்படியாவது கிடைத்துவிடும். கிடைக்காவிட்டாலும் ஓர் இரவு நாற்காலியில் கழிந்துவிடும். இருக்கை அப்படி இல்லை. பெரிய விமானம் ஒன்று ரத்தானால் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் மறுநாள் விமானங்களில் மிச்சமிருக்கும் சில காலி இடங்களைத் தேடுகிறார்கள். முதல் அரை மணி நேரத்தில் இடம் பிடித்தவர் காலையில் கிளம்பிவிடுவார். ஹோட்டல் வவுச்சர் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அதற்குப் பிறகு டிக்கெட் பற்றிக் கேட்பவருக்கு மறுநாள் இரவோ அதற்கும் அடுத்த நாளோதான் மிஞ்சும். இப்படி நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும்.

ரத்து அறிவிப்பு பெரும்பாலும் திடீரென்று வந்து விழுவதில்லை. முதலில் 40 நிமிடத் தாமதம், பிறகு ஒன்றரை மணி நேரம், பிறகு "அடுத்த தகவல் 22.30க்கு" என்று பலகை சொல்லும். அதற்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று, விமானிகளுக்கும் பணிக்குழுவுக்கும் தொடர்ந்து இத்தனை மணி நேரம்தான் வேலை என்று இருக்கும் சட்ட வரம்பு. தாமதம் அதைத் தாண்டிவிட்டால், விமானம் நல்ல நிலையில் நின்றாலும் அவர்கள் பறக்கக் கூடாது. இன்னொன்று சில விமான நிலையங்களில் இருக்கும் இரவுத் தடை. பிராங்பர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை, சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை, சில விதிவிலக்குகள் தவிர, வழக்கமான பயணிகள் விமானங்கள் ஏறவோ இறங்கவோ கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் விமானத்தின் புறப்பாட்டு நேரம் 22.45ஐ நெருங்கிவிட்டால், அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் மாற்று விமானங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுங்கள்.

சரி, ரத்து உறுதியாகிவிட்டது. வரிசையில் நில்லுங்கள், ஆனால் நின்றுகொண்டே மற்ற இரண்டு வழிகளையும் முயலுங்கள். ஏர்லைன்ஸ் செயலியைத் திறந்து மாற்று விமானம் எதையாவது காட்டுகிறதா என்று பாருங்கள். கூடவே தொலைபேசியிலும் கூப்பிடுங்கள். நீங்கள் நிற்கும் நாட்டின் உதவி எண் நெரிசலில் இருக்கும். அதே ஏர்லைன்ஸுக்கு வேறொரு நாட்டில், அப்போது பகல் நேரமாக இருக்கும் ஊரில், வேறொரு எண் இருக்கும். அங்கே எடுப்பவரும் உங்கள் பதிவை அதே கணினியில்தான் பார்க்கிறார். நிலையத்தில் உங்கள் முன்னால் நிற்பவர் பல இடங்களில் ஏர்லைன்ஸ் ஊழியரே அல்ல. தரைப்பணிகளுக்கு ஒப்பந்தம் எடுத்த வேறொரு நிறுவனத்தின் ஆள். டிக்கெட்டை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லாமல்கூட இருக்கலாம். அவரிடம் கோபப்படுவதில் பயனில்லை என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

கேட்கும் விதத்தில் நிறைய இருக்கிறது. "எனக்கு ஏதாவது வழி செய்யுங்கள்" என்று கேட்டால் கணினி முதலில் காட்டுவதை அவர் தருவார். அதற்குப் பதிலாக, விமானத் தேடல் தளம் எதிலாவது நீங்களே பார்த்து, "நாளை காலை 7.10க்குப் புறப்படும் இந்த எண் விமானத்தில் இடம் காட்டுகிறது, அதில் போட முடியுமா?" என்று கேளுங்கள். அவர் தேட வேண்டிய வேலையைப் பாதி குறைத்துவிட்டீர்கள். அதே ஏர்லைன்ஸ்தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டணி நிறுவனங்களையும் பாருங்கள், அருகிலிருக்கும் வேறு நகரம் வழியாகவும் பாருங்கள். கணினி தானாகவே உங்களை வேறொரு விமானத்துக்கு மாற்றிவிடுவதும் உண்டு. அது நல்லதாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே குடும்பத்தை இரண்டு விமானங்களில் பிரித்துப் போட்டிருக்கலாம், இறங்கி ஏற முப்பது நிமிடம் மட்டும் தந்திருக்கலாம். ஒப்புக்கொள்ளும் முன் படித்துப் பாருங்கள்.

இவை எல்லாம் முழுப் பயணமும் ஒரே பதிவில் இருக்கும்போது பொருந்தும். பி.என்.ஆர். என்பது எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்களில் வரும் பதிவுக் குறியீடு. ஒரே பி.என்.ஆரில் எல்லா விமானங்களும் வருகின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கடைசி ஊர்வரை உங்களைக் கொண்டுசேர்ப்பது ஏர்லைன்ஸின் பொறுப்பு. டிக்கெட்டை இணைய முகவர் ஒருவரிடம் வாங்கியிருந்தாலும் பயணம் தொடங்கிய பிறகு நேராக ஏர்லைன்ஸிடம் பேசுவதே வழி. இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை நீங்களே சேர்த்து வாங்கியிருந்தால் நிலைமை கடினம். முதல் விமானம் ரத்தானதால் இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் வராத பயணி மட்டுமே. அந்த நிலையில் இருப்பவர் இரண்டாவது நிறுவனத்தை விமானம் புறப்படும் முன்பே கூப்பிட்டுத் தேதி மாற்றக் கேட்க வேண்டும். புறப்பட்ட பிறகு கூப்பிட்டால் டிக்கெட்டின் மதிப்பே போய்விடலாம்.

கவுண்டருக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. புது விமானத்தில் உங்கள் பெயரைப் பதிவதும், டிக்கெட்டை அந்த விமானத்துக்கு மாற்றி எழுதுவதும் இரண்டு வேறு வேலைகள். அவசரத்தில் முதல் வேலை மட்டும் நடந்து இரண்டாவது விட்டுப்போகும், குறிப்பாக வேறொரு ஏர்லைன்ஸுக்கு மாற்றும்போது. செயலியில் புது விமானம் காட்டும், மனசு நிம்மதியாகிவிடும். காலையில் அந்தக் கவுண்டரில் போய் நின்றால், "உங்களுக்கு இடம் இருக்கிறது, டிக்கெட் இல்லை" என்பார்கள். அதனால் கவுண்டரை விட்டு நகரும் முன் "டிக்கெட் ரீஇஷ்யூ ஆகிவிட்டதா?" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். 13 இலக்க டிக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போர்டிங் பாஸையே அப்போதே வாங்கிவிடுங்கள்.

இன்னும் இரண்டு ஆபத்துகள். ஒன்று, செயலியில் பளிச்சென்று தெரியும் ரீஃபண்ட் பொத்தான். ஆத்திரத்தில் அதை அழுத்திவிடாதீர்கள். பணத்தைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டால், உங்களை ஊர் சேர்க்கும் கடமையும் அதோடு வரும் அறை, உணவுப் பொறுப்பும் பெரும்பாலும் அந்த நொடியில் முடிந்துவிடும். கடைசி நேரத்தில் புது டிக்கெட் வாங்கப்போனால் திரும்பி வந்த பணம் பல சமயம் பாதிக்குக்கூடக் காணாது. இரண்டாவது, பொறுமை போய் சொந்தச் செலவில் வேறு டிக்கெட் வாங்கிக் கிளம்பிவிடுவது. உங்கள் பழைய பதிவில் திரும்பும் பயணமும் இருந்தால், நடுவில் ஒரு கட்டத்தில் நீங்கள் ஏறவில்லை என்று கணினி பார்த்து மிச்சம் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடக்கூடும். அப்படிக் கிளம்பியே ஆக வேண்டுமென்றால், திரும்பும் பயணத்தைக் காப்பாற்றித் தருவதாக ஏர்லைன்ஸிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இனி விசா. உங்கள் கேள்வியில் மிகக் கனமான பகுதி இதுதான்.

இமிகிரேஷனைக் கடக்காமல் டிரான்சிட் பகுதியிலேயே இருந்தால் சட்டப்படி நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழையவில்லை. நகரத்து ஹோட்டலுக்குப் போக வேண்டுமென்றால் நுழைய வேண்டும், அதற்கு உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாடு என்ன கேட்கிறதோ அது வேண்டும். டிரான்சிட் விசா கையில் இருப்பதால் வெளியே போகலாம் என்று நினைப்பது பொதுவான தவறு. ஷெங்கன் நாடுகளின் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் குழு) விமான நிலைய டிரான்சிட் விசாவும், பிரிட்டனின் நேரடி டிரான்சிட் விசாவும் உள்பகுதியில் இருக்க மட்டுமே அனுமதிக்கின்றன. எல்லையைக் கடக்க அவை உதவாது.

விசா இல்லை என்றால் கதவு முழுக்க மூடிவிட்டது என்றும் அர்த்தமில்லை. எதிர்பாராத, தவிர்க்க முடியாத காரணங்களுக்காக எல்லையிலேயே விசா தரும் ஏற்பாடு ஷெங்கன் விசா சட்டத்தில் இருக்கிறது. வேறு பல நாடுகளிலும் ரத்தான விமானப் பயணிகளுக்குக் குறுகிய கால அனுமதி தரும் வழக்கம் உண்டு. ஆனால் இதைத் தருவதும் மறுப்பதும் எல்லை அதிகாரியின் முடிவு. நீங்கள் தனியாகப் போய்க் கேட்பதைவிட, ஏர்லைன்ஸ் ஊழியர் உங்களைக் கூட்டிக்கொண்டு போய், ஹோட்டல் பதிவையும் மறுநாள் விமானப் பதிவையும் காட்டிக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் ஏர்லைன்ஸிடம் "ஹோட்டல் உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எனக்கு விசா இல்லை, இமிகிரேஷனிடம் நீங்கள் பேசுவீர்களா?" என்றும் கேளுங்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு டிரான்சிட் பகுதிக்குள்ளேயே ஹோட்டல் இருக்கும் விமான நிலையங்கள் சில உண்டு. சிங்கப்பூர் சாங்கி, தோஹா, துபாய், ஆம்ஸ்டர்டாம், பிராங்பர்ட் ஆகியவற்றில் இமிகிரேஷனைக் கடக்காமலே அறை எடுக்கலாம். அறைகள் குறைவு, ரத்து இரவுகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்த டெர்மினலில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா டெர்மினல்களுக்கும் உள்வழியாகவே போக முடியும் என்பதில்லை. அமெரிக்கா இதற்கு நேரெதிர். அங்கே வழியில் இறங்கி வேறு நாட்டு விமானம் ஏறுபவரும் இமிகிரேஷனைக் கடந்தே ஆக வேண்டும். டிரான்சிட் பகுதி என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் அங்கே மாட்டிக்கொண்டவர் ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கிறார், ஹோட்டலுக்குப் போக வேறு அனுமதி தேவையில்லை.

மாற்று வழியை ஏற்றுக்கொள்ளும்போதும் விசாவை மறந்துவிடக் கூடாது. பிராங்பர்ட்டிலிருந்து நேராக டொராண்டோ போக வேண்டியவருக்கு, பாரிஸ் வழியாக மாற்றித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கச் சாதாரண மாற்றம். ஆனால் பிராங்பர்ட்டிலிருந்து பாரிஸ் போவது ஷெங்கனுக்குள் நடக்கும் பயணம். அதில் ஏற முதலில் ஷெங்கனுக்குள் நுழைய வேண்டும். ஷெங்கன் விசா இல்லாதவரை அந்த விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அமெரிக்கா வழியாக மாற்றினால் அமெரிக்க விசா வேண்டும். லண்டனில் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி, இன்னொரு விமான நிலையமான கேட்விக்கில் ஏறச் சொன்னால் பிரிட்டனுக்குள் நுழைந்தாக வேண்டும். கவுண்டரில் இருப்பவர் இருக்கையை மட்டும்தான் பார்க்கிறார், உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. இதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இணைப்பு விமானமாக இல்லாமல், அந்த நாட்டில் தங்கி முடித்துக் கிளம்பும் நேரத்தில் ரத்தானால் வேறொரு சிக்கல் வரும். வெளியேறும் முத்திரை குத்தியாகிவிட்டது, ஒருமுறை நுழையும் விசாவும் பயன்பட்டுவிட்டது. இப்போது திரும்ப எப்படி உள்ளே போவது? பொதுவாக இமிகிரேஷன் அந்த வெளியேற்ற முத்திரையையே ரத்து செய்து, நீங்கள் கிளம்பவே இல்லை என்பது போலப் பதிந்துகொள்ளும். அது முறையாக நடந்ததா என்று பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். விசா அன்றே முடிகிறது என்றால் ரத்துக்கான கடிதத்தை ஏர்லைன்ஸிடம் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே எல்லைக் காவல் அதிகாரிகளிடம் சொல்லிவிடுங்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் தங்க நேர்ந்தால் ஷெங்கன் விசாவைக் கட்டணமின்றி நீட்டிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சொல்லாமல் ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டால், அடுத்த விசா விண்ணப்பத்தின்போது பதில் சொல்ல வேண்டி வரும்.

பெட்டிகளைப் பற்றி அதிகம் இல்லை. மறுநாள் அதே ஏர்லைன்ஸில் போவதாக இருந்தால் பெரும்பாலும் பெட்டி அவர்கள் வசமே இரவைக் கழிக்கும். சில இடங்களில் எல்லாவற்றையும் இறக்கி வெளியே பெல்ட்டில் போட்டுவிடுவார்கள். எது நடக்கப்போகிறது என்று கேட்டுவிடுங்கள், ஏனென்றால் டிரான்சிட் பகுதியிலேயே இருப்பவரால் வெளியே பெல்ட்டுக்குப் போக முடியாது. லக்கேஜ் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், புகைப்படமும் எடுத்துவையுங்கள். புது விமானம் வேறு ஏர்லைன்ஸாக இருந்தால், அந்தச் சீட்டைக் காட்டிப் பெட்டியையும் அந்த விமானத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், அது தானாக நடந்துவிடும் என்று இருக்கக் கூடாது. தினமும் சாப்பிடும் மருந்து பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் தயங்காமல் உடனே சொல்லுங்கள். பெட்டியை எடுத்துத் தர முடியாவிட்டாலும் பெரிய விமான நிலையங்களில் மருத்துவ உதவி இடம் இருக்கும்.

இப்போது ஹோட்டலும் பணமும். இதற்கு உலகம் முழுவதற்கும் ஒரே விதி இல்லை. எந்த நாட்டிலிருந்து, எந்த நாட்டு ஏர்லைன்ஸில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

பயணிக்கு மிக வலுவான பாதுகாப்பு தருவது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி. 2005 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்துக்குள் இருக்கும் விமான நிலையத்திலிருந்து புறப்படும் எல்லா ஏர்லைன்ஸுக்கும், வெளியிலிருந்து ஒன்றியத்துக்கு வரும் ஐரோப்பிய ஏர்லைன்ஸுக்கும் பொருந்தும். உங்கள் குடியுரிமை இதில் கணக்கில்லை. ரத்தானால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்றுப் பயணமா என்று தேர்ந்தெடுப்பது பயணியின் உரிமை. அந்த மாற்றுப் பயணம் முடிந்தவரை விரைவில், ஒப்பான வசதியுடன் இருக்க வேண்டும் என்கிறது விதி. அதே ஏர்லைன்ஸில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. காத்திருக்கும் நேரத்துக்கு உணவு, இரவு தங்க அறை, விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் போய்வர வண்டி, இரண்டு தொலைபேசி அழைப்புகள் ஆகியவற்றை ஏர்லைன்ஸ் இலவசமாகத் தர வேண்டும்.

இதோடு தனியாக ஒரு நஷ்டஈடும் இருக்கிறது. தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. ஒன்றியத்துக்கு வெளியே போகும், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600. ஆனால் ஏர்லைன்ஸின் கட்டுப்பாட்டை மீறிய அசாதாரணச் சூழ்நிலை என்றால் இந்த நஷ்டஈடு கிடையாது. மோசமான வானிலை, வான்வெளி மூடல் போன்றவை அப்படிப்பட்டவை. சாதாரண இயந்திரக் கோளாறு அப்படிப்பட்டது அல்ல என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் சொல்லிவிட்டது. ஏர்லைன்ஸின் சொந்த ஊழியர்கள் சங்கத்தின் வழியாகச் சம்பளக் கோரிக்கைக்காக முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் வேலைநிறுத்தமும் அல்ல என்று 2021இல் சொன்னது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வானிலை காரணமாக ரத்து என்றால் நஷ்டஈடுதான் போகும், அறையும் உணவும் போகாது. "வானிலை சார், எங்களால் ஒன்றும் தர முடியாது" என்று கவுண்டரில் சொல்வதைக் கேட்டுப் பயணிகள் திரும்பிப் போவது எனக்கு இன்றும் பொறுக்காத விஷயம். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடியபோது, போர்ச்சுகலின் ஃபாரோவில் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட பயணி ஒருவர் தன் தங்குமிட, உணவுச் செலவு சுமார் 1,130 யூரோவைக் கேட்டு வழக்குப் போட்டார். எரிமலையே வெடித்தாலும் கவனித்துக்கொள்ளும் கடமை முடிவதில்லை, அதற்கு நாள் வரம்போ தொகை வரம்போ இல்லை என்று 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏர்லைன்ஸ் எதுவும் தராமல் பயணியே செலவு செய்திருந்தால், தேவையான, நியாயமான, பொருத்தமான அளவுக்கு அதைத் திரும்பப் பெறலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

இணைப்பு விமானத்தில் மாட்டிக்கொள்பவருக்கு இன்னொரு தீர்ப்பும் உதவும். பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாடிர் போன பயணியின் 2018 வழக்கில், ஒரே பதிவில் வாங்கிய பயணத்தை ஒரே பயணமாகத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஐரோப்பாவில் தொடங்கிய பயணமாக இருந்தால், பிரச்சினை ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் இடைநிலையத்தில் வந்தாலும் அந்த விதியின் கீழ் கேட்க வழியிருக்கிறது.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் ஏறக்குறைய இதே விதியைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது. தொகைகள் 220, 350, 520 பவுண்டு. கனடாவில் 2019இலிருந்து தனி விதிகள் உண்டு. ரத்து ஏர்லைன்ஸின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் காரணத்தால் என்றால், இரவு தங்க நேரும்போது அறை தர வேண்டும். பெரிய ஏர்லைன்ஸாக இருந்து, பாதுகாப்புக் காரணமும் இல்லை என்றால், எத்தனை மணி நேரம் தாமதமாகச் சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்து 400 முதல் 1,000 கனடிய டாலர் வரை நஷ்டஈடும் உண்டு. அமெரிக்காவில் ரத்தான விமானத்துக்குப் பதில் தரும் மாற்றை நீங்கள் ஏற்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாட்களுக்குள் என்று 2024 விதி சொல்கிறது. ஆனால் அறை தரக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் அங்கே இல்லை. தங்கள் தவறால் ரத்தானால் அறை தருவதாகப் பெரிய ஏர்லைன்ஸ்கள் தாங்களே எழுத்தில் உறுதி கொடுத்திருக்கின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் அந்த உறுதிமொழிகள் நிறுவனவாரியாக இருக்கின்றன. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிக் கேட்டால் பேச்சு எளிதாக முடியும்.

இவை எதுவும் பொருந்தாத இடத்தில் இருந்தால், 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. 130க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. தாமதத்தால் உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட செலவுக்கு ஏர்லைன்ஸ் பொறுப்பு. தவிர்க்கத் தேவையான எல்லா நியாயமான நடவடிக்கைகளையும் எடுத்தோம் என்று அவர்கள் நிரூபித்தால் மட்டும் தப்பிக்கலாம். 2024 டிசம்பர் 28இலிருந்து இதற்கான உச்சவரம்பு ஒருவருக்கு 6,303 சிறப்பு எடுப்பு உரிமைகள். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, அதன் மதிப்பு தினமும் மாறும். பெட்டிக்குத் தனி வரம்பு, 1,519. தாமதமாக வந்த பெட்டிக்கான புகாரை, பெட்டி கைக்கு வந்த 21 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். வழக்குப் போட 2 ஆண்டுகள்தான். அது கடந்தால் உரிமையே போய்விடும்.

மேலே சொன்ன எல்லாமே ரத்துக்கான காரணத்தில் தொங்குகின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே அந்தக் காரணத்தை அன்று இரவே எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் கடிதம் தருவார்கள். தராவிட்டால் செயலியில் வந்த செய்தியையும் அறிவிப்புப் பலகையையும் படம் எடுங்கள். நிலையத்தில் "பணிக்குழு இல்லை" என்று சொன்னது இரண்டு மாதம் கழித்து வரும் பதில் கடிதத்தில் "வானிலை" ஆகிவிடும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அவர்களும் கேட்கும் முதல் ஆவணம் இதுதான். காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அன்றைக்கே கூப்பிட்டு, எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு செலவு தருவார்கள், எதற்கெல்லாம் ரசீது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு செலவு செய்யுங்கள்.

ஏர்லைன்ஸால் அறை தர முடியவில்லை என்றால், அதையும் எழுத்தில் கேளுங்கள். "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு தருகிறோம்" என்று சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுத்தரமான ஹோட்டலாக எடுங்கள். ஐந்து நட்சத்திர அறையும் மதுபானச் செலவும் பெரும்பாலும் திரும்பி வராது. ஒவ்வொரு ரசீதிலும் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும், கார்டு இயந்திரம் தரும் துண்டுச் சீட்டு மட்டும் போதாது. ரசீது மங்கிப்போகும் தாளில் இருந்தால் உடனே படம் எடுத்துவிடுங்கள்.

கோபத்தில் சமூக ஊடகத்தில் ஏர்லைன்ஸைக் குறிப்பிட்டு எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அப்படி எழுதிய சில நிமிடங்களில் "வாடிக்கையாளர் சேவை" என்ற பெயரில் போலிக் கணக்குகள் தனிச்செய்தியில் வரும். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி கார்டு எண்ணைக் கேட்பார்கள். பி.என்.ஆரையும் போர்டிங் பாஸ் படத்தையும் பொதுவில் போடவே கூடாது. அந்த எண்ணும் உங்கள் பெயரும் போதும், வேறொருவர் உங்கள் பதிவுக்குள் நுழைந்துவிடலாம்.

குழந்தைகளோ வயதானவர்களோ சக்கர நாற்காலி தேவைப்படுபவரோ கூட இருந்தால் வரிசையில் கடைசியில் போய் நிற்காதீர்கள். நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கும் துணையின்றிப் பயணிக்கும் குழந்தைகளுக்கும் ஐரோப்பிய விதி வெளிப்படையாகவே முன்னுரிமை தருகிறது. மற்ற இடங்களிலும் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கேட்கக் கூச்சப்பட்டு ஒரு பாட்டி மூன்று மணி நேரம் நிற்பதைவிடக் கேட்டுவிடுவது நல்லது.

ஹோட்டலுக்கே போனாலும் காலைக் கணக்கைச் சரியாகப் போடுங்கள். முந்தின நாள் மாட்டிக்கொண்டவர்களும் அன்றைய பயணிகளும் சேர்ந்து செக்யூரிட்டி வரிசை நீளமாக இருக்கும். ஹோட்டல் வண்டி எத்தனை மணிக்கு முதல் முறை கிளம்புகிறது, அதற்குப் பெயர் பதிய வேண்டுமா என்று இரவே கேட்டுவிடுங்கள். விமான நிலையத்திலேயே தங்குவதாக இருந்தால், உங்கள் டெர்மினல் இரவில் மூடப்படுமா என்று கேளுங்கள். லண்டன் சிட்டி போன்ற சில நிலையங்கள் இரவில் பயணிகளை வெளியே அனுப்பிவிடும். பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போடு இருக்கட்டும், போன் சார்ஜில் இருக்கட்டும், தூங்கும் முன் ஒருமுறை செயலியில் புது விமானத்தின் நேரத்தைப் பாருங்கள். இரவுக்குள் அதுவும் மாறியிருக்கலாம்.

ஊர் சேர்ந்த பிறகு, செலவுத் தொகையையும் நஷ்டஈட்டையும் தனித்தனித் தலைப்பில் கேட்டு, ஏர்லைன்ஸ் தளத்தில் நீங்களே விண்ணப்பம் போடுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் ஒன்றை மறுத்துவிட்டு மொத்தத்தையும் மூடிவிடுவார்கள். எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று எண்ணோடு குறிப்பிடுங்கள். பயண வவுச்சர் தருவதாகச் சொன்னால், ஐரோப்பிய விதியில் உங்கள் கையெழுத்தோடு கூடிய சம்மதம் இல்லாமல் பணத்துக்குப் பதிலாக அதைத் தர முடியாது என்பதை நினைவில் வையுங்கள். மறுத்தால் அந்தந்த நாட்டில் இதற்கென்று இருக்கும் அமைப்பிடம் போகலாம். பிரிட்டனில் சிவில் ஏவியேஷன் ஆணையம், கனடாவில் கனடியப் போக்குவரத்து முகமை, ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அமலாக்க அமைப்பு. உங்களுக்காக வாதாடும் தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன, ஆனால் கிடைக்கும் தொகையில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள். நேராகக் கேட்டு, மறுப்பு எழுத்தில் வந்த பிறகு அவர்களிடம் போனால் போதும்.